உயிரோடு உள்ள உறுப்பினர்

செங்கரடு அணை
14 ஜூன் 2025

மாப்பிள்ளை இனியனுக்கு,

போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நீ குரலை உயர்த்துவாய், ஐந்தாவதில் நான் வைத்துவிடுவேன். போன தடவை அப்படித்தான் ஆனது. அதனால்தான் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். படுத்தே கிடப்பவனுக்கு எழுதுவது பெரிய வேலை இல்லை. கோபம் வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

உன் படகு வந்து சேர்ந்தது. ராமநாதபுரத்தில் வாழைத்தார் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் போட்டு அனுப்பியிருக்கிறாய். டிரைவர் அணைக்கரையில் வண்டியை நிறுத்தி, "தங்கப்பாண்டி வீடு எங்கன இருக்கு? அவுகளுக்கு ஒரு தொட்டி வந்திருக்கு" என்று கேட்டிருக்கிறான். ஊரே கூடிவிட்டது. மஞ்சள் நிறம், பத்தடி நீளம், இரண்டு முனையும் கூர்மை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்றான் ஒருவன். பூங்காவில் பிள்ளைகள் சறுக்கும் பலகை என்றான் இன்னொருவன். பரிசல்காரன் முத்துவீரன் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

யாரைக் கேட்டு அனுப்பினாய்? உன் அக்காளைக் கேட்டு அனுப்பியிருந்தால், கயல் என்னிடம் மறைத்திருக்கிறாள். கேட்காமல் அனுப்பியிருந்தால், என்னை ஒரு ஆளாகவே நீ எண்ணவில்லை. எது என்று நீயே எழுது.

என் நிலைமை உனக்குத் தெரியும். மூன்று ஆள் ஏறும் பரிசலைத் தலையில் கவிழ்த்துக் கரையேறும்போது பாசியில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். இனிமேல் துடுப்புப் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு சரியில்லாத உறுப்பினருக்கு எங்கள் சங்கத்தில் மூன்று மாதம் தவணை. அதற்குள் எழுந்து வரவில்லை என்றால், மீன்பிடி உரிமத்தை இன்னொரு உறுப்பினருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முத்துவீரன் கேட்கிறான். பிடிக்கிற மீனில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும் என்கிறான். பாதி மனசு சம்மதம் சொல்லிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் தொட்டி வந்து இறங்குகிறது. இப்போது உன் அக்காள் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவது போல அதைத் தினமும் கழுவுகிறாள்.

அதிலும் ஓட்டைப் படகு. உட்காரும் இடத்தில், கால் வைக்கும் இடத்தில், மேலிருந்து அடிவரை துளை துளையாக இருக்கிறது. அக்காள் புருஷனுக்கு இது போதும் என்று நினைத்தாயோ? பரிசல்காரன் வீட்டில் தாருக்குப் பஞ்சமில்லை. கயலைக் காய்ச்சச் சொல்லி, படுத்தபடியே சொல்லிக் கொடுத்து, எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டேன். தண்ணீரில் இறக்குவதற்காக இல்லை. ஓட்டையோடு ஒரு கலம் என் வாசலில் கிடக்கக் கூடாது, அதற்காக.

லாரி கிடைக்கும்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தங்கப்பாண்டியன்


உச்சிப்புளி அருகில்
24 ஜூன் 2025

மாமாவுக்கு,

அக்காளைக் கேட்டுத்தான் அனுப்பினேன். உங்களை ஆளாக எண்ணாததால் இல்லை. கேட்டால் மாட்டேன் என்பீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவ்வளவுதான்.

முதலில் தார். மாமா, அந்தத் துளைகள் ஓட்டை இல்லை. அவை வேண்டும். இந்தக் கயாக் படகு, பரிசல் மாதிரி உள்ளே குழிந்தது இல்லை. உள்ளே காற்று அடைபட்ட மூடிய கூடு. மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அலையடித்து மேலே ஏறும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் கீழே வடியும். அடைத்துவிட்டால் தண்ணீர் மடியில் தேங்கும், படகு தள்ளாடும். ஒன்றுவிடாமல் தாரைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். இதை நான் வேலை செய்யும் முகாமில் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படுத்தபடி ஓட்டை அடைத்தீர்கள் என்று படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது முத்துவீரன். அவனுக்கு ஒரு உரிமம் இருக்கிறது. செத்துப்போன அண்ணனின் உரிமம், அவன் மனைவி சந்தனம்மாள் பெயரில் இருப்பது, அதையும் இவன் மகன்கள்தான் ஓட்டுகிறார்கள். மூன்றாவதாக உங்களுடையதும் வேண்டுமாம். சந்தனம்மாள் மதினிக்கு என்ன பங்கு வருகிறது என்று அவரையே கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் குழம்புக்கு மீன். அந்தப் பங்குதான் உங்களுக்கும் வரும்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. படித்த படிப்புக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா மார்க்கையன்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். கிடைத்தது இதுதான். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களைக் கயாக்கில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போவது, தூண்டிலில் செயற்கை இரை கட்டிக் கொடுப்பது, அவர்கள் பிடித்த பாறை மீனோடு போட்டோ எடுப்பது. போட்டோ எடுத்ததும் மீனுக்கு முத்தம் கொடுத்துத் திருப்பிக் கடலில் விட்டுவிடுவார்கள். அவர்கள் காசு, அவர்கள் மீன். ஆனால் அந்த விளையாட்டுக்கு ஓட்டித் தேய்ந்த படகு ஒன்று மூலையில் கிடந்தது. அதில் அக்காள் சோற்றுக்கு மீன் பிடிக்கட்டுமே என்று தோன்றியது. அடி விரிசலைப் பிளாஸ்டிக் வைத்து உருக்கி நானே ஒட்டினேன்.

உங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி என்று எனக்குத் தெரியும். கணவாயிலிருந்து இறங்கினால் பரிசல் பம்பரமாகச் சுற்றும், எல்லோரும் கரையில் சீட்டாடுவீர்கள். இது கூர்மையான படகு. காற்றுக்கு முகம் கொடுத்து ஓட்டலாம்.

பஸ் பார்சலில் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். உயிர்காப்பு உடுப்பு ஒன்று. அதைப் போடாமல் அக்காள் தண்ணீரில் இறங்கினால் நான் உங்களோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டேன். அதன் தோளில் ஊதல் கட்டியிருக்கிறேன். போன் வைக்கத் தண்ணீர் புகாத பை. மடக்கும் நங்கூரம். படகின் ஓரமாக மூக்கிலிருந்து வால்வரை ஓடும் கயிறும் அதற்கு இரண்டு சின்ன உருளைகளும். நங்கூரத்தை அந்தக் கயிற்றில் மாட்டி, மூக்குக்கோ வாலுக்கோ தள்ளிவிட்டுக்கொள்ளலாம். நங்கூரம் நடுவில் நிற்கவே கூடாது. துடுப்பும் தவறக் கூடாது, அதற்கு ஒரு சுருள் கயிறு. கையில் இருக்கும் எல்லாவற்றையும் படகோடு கட்டிவிடச் சொல்லுங்கள். கடலில் எங்களுக்கு அதுதான் முதல் பாடம்.

திருப்பி அனுப்புவதாக இருந்தால் லாரி வாடகை உங்களுடையது.

இனியன்


செங்கரடு அணை
21 ஜூலை 2025

மாப்பிள்ளை,

தாரைச் சுரண்ட மூன்று நாள் ஆனது. மண்ணெண்ணெய் வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. திருப்பி அனுப்பவில்லை. வாடகைக்குப் பயந்து இல்லை.

ஆடி பிறந்தது. நீ சொன்ன மாதிரியே பரிசல் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. காற்றுக்கு அணையே நுரை கட்டுகிறது. அந்தத் தண்ணீரில் உன் அக்காள் ஆரஞ்சு நிற உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கரையில் சீட்டுப் போட்டவர்கள் விடுவார்களா?

"ஏலே, நாலுவழிச்சாலை போட ஆளு வந்துருச்சு."

"ரோடு போட்டுக்கிட்டே மறுகரைக்குப் போகப்போகுது போல."

கயல் துடுப்பை நீட்டி, "சீட்டைக் கீழ போடுங்கண்ணே, ஜோக்கரு கையில இருக்குன்னு முகத்துலயே தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பக்கத்து வீட்டுக் கண்ணன் மகன் வந்து சொன்னான். நான் கட்டிலில் படுத்துக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுக்கூரையில் காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் என் இடுப்பு ஒரு தடவை கவிழ்ந்து நிமிர்ந்தது.

மீன் வந்தது. வேறு யாரும் வலை போடாத நாளில் வந்த கட்லாவும் ஜிலேபியும். சங்கத்துக் கொட்டகையில் என் பெயரிலேயே எடை போட்டார்கள். செயலாளர் சுந்தர்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். தவணை முடியும்வரை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

போன வெள்ளிக்கிழமை உன் அக்காள் கவிழ்ந்தாள். ஆள் நலம். வலது முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கேள்.

வலையின் தலைக்கயிற்றைக் கை எட்டுகிற பக்கத்தில் கட்டிக்கொள் என்று சொன்னவன் நான்தான். பரிசலில் அப்படித்தான். வட்டமான கலத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கே கட்டினாலும் சுற்றிக்கொண்டு காற்றோடு போய் நிற்கும். உன் படகு சுற்றவில்லை. நடுவில் கட்டிய கயிறு இழுக்க, காற்று மறுபக்கம் தள்ள, குறுக்காக நின்று புரண்டுவிட்டது. அதோடு முடிந்திருந்தால் மேலே வந்து படகைப் பிடித்திருப்பாள். நீ சொன்னாய் என்று துடுப்பு, கத்தி, பை எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அந்தக் கயிறெல்லாம் வலையில் மாட்டி, வலை காலில் மாட்டி, உடுப்பு மேலே தூக்க, வலை கீழே இழுக்க, தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் நாய்க்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி கிடந்திருக்கிறாள். கத்தி கைக்கு எட்டியதால் வலையை அறுத்துக்கொண்டு வந்தாள்.

ஈரத்தோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் ஒன்றும் கேட்பதற்குள், "அணைக்காரரு சொன்னதையும் கேட்டேன், கடல்காரரு சொன்னதையும் கேட்டேன். ரெண்டையும் ஒண்ணாக் கேட்டதுல கவுந்துட்டேன். இனிமே நானா பாத்துக்கிறேன்" என்றாள். பிறகு அடுப்பில் உலை வைத்தாள்.

மறுநாளும் போனாள். இப்போது வலைக்கயிற்றை உன் உருளைக் கயிற்றில் மாட்டி மூக்குப் பக்கம் தள்ளிவிடுகிறாள். கத்தியைத் தவிர எதையும் கட்டுவதில்லை. கழுத்தில் இன்னொரு கத்தி தொங்குகிறது.

நான் என்ன செய்ய? போகாதே என்று சொன்னால் கேட்பாள் என்று நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

தங்கப்பாண்டியன்


உச்சிப்புளி அருகில்
29 ஜூலை 2025

மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன். வலை போடுகிறவளுக்குத் தூண்டில்காரன் பாடத்தை அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் வலையே கிடையாது. அதை யோசிக்கவே இல்லை.

போகாதே என்று சொல்லாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவள் கேட்டுவிடுவாள் என்பது உண்மை. பிளஸ் டூ முடித்ததும் மேலே படிக்காதே என்று அப்பா சொன்னபோது கேட்டாள். கட்டு என்று சொன்னபோது உங்களைக் கட்டினாள். அதில் நல்லவேளை நீங்கள் கிடைத்தீர்கள். ஆனால் அது அவளுடைய அதிர்ஷ்டம், எங்கள் வீட்டின் நியாயம் இல்லை. எனக்கு ஒரு தடவையும் யாரும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவளுக்கு வேண்டாம் என்று சொன்ன காசில் நான் இன்ஜினியரிங் படித்து, மீனுக்கு முத்தம் கொடுக்கிறவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. அக்காள் காற்றில் ஓட்டுவதைக் கண்ணன் மகன் எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பினாள். எங்கள் முகாமின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டேன். 'அணையை வென்ற பெண்' என்று தலைப்பு. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு டிவிக்காரர்கூட நம்பர் கேட்டார். இனிமேல் சங்கம் அவ்வளவு சுலபமாக அவளைத் தள்ள முடியாது. ஊர் உலகம் பார்க்கிறது என்றால் சுந்தர்ராஜுக்கும் கொஞ்சம் பயம் வரும்.

சங்கத்தில் எழுபது பேர் உறுப்பினர். வலை பின்னுவது, அறுந்ததை முடிவது, மீனை ஆய்வது, தலையில் சுமந்து தெருவில் விற்பது எல்லாம் பெண்கள். உரிமத்தோடு தண்ணீரில் இறங்குவது மட்டும் ஆண்கள். தண்ணீர் என்ன இவர்கள் அப்பன் வெட்டியதா?

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? கேட்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கடைசியில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

இனியன்


செங்கரடு அணை
8 ஆகஸ்ட் 2025

இனியன்,

அந்த வீடியோவைப் போட யார் உனக்கு உரிமை கொடுத்தது?

நீ படித்தவன். நான் கோபப்பட்டால், பெண்டாட்டியை ஊர் பார்த்துவிட்டதே என்று கோபப்படுகிறான் என்று எழுதுவாய். கொஞ்சம் அதுவும் இருக்கிறது, மறைக்கவில்லை. முத்துவீரன் டீக்கடையில் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "தங்கப்பாண்டி படுத்த நேரம், வீட்டுல பொழப்பு நல்லா ஓடுது" என்றான். அதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஆனால் உன் அக்காள் கோபப்பட்டது வேறு காரணத்துக்கு. பொழுது விடிந்து காற்று ஓய்ந்த ஒரு நாள் வலையைத் தூக்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். வெறுங்கை.

"நாலு பரிசல் அங்கன கெடக்கு" என்றாள். "உங்க மச்சினன் வீடியோவுல பின்னால மொட்டைப் பாறையும் காஞ்ச புளியமரமும் அப்படியே தெரியுது. எந்த எடத்துல மீன் கெடக்குன்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு. பத்து நாளாத் துழாவிக் கண்டுபிடிச்ச இடம். என் மூஞ்சியப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்த மரத்தை எதுக்குப் போட்டான்?"

மீன்பிடிக்கிறவன் இடத்தைச் சொல்லமாட்டான். கூடப் பிறந்தவனிடமும் சொல்லமாட்டான். உனக்கு அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. நீ பிடித்ததை விட்டுவிடுகிறவர்களோடு இருக்கிறாய்.

அடுத்தது சங்கம். பயம் வரும் என்றாய். வந்தது. எல்லோரும் பார்த்துவிட்டதால் சுந்தர்ராஜ் இனிமேல் கண்ணை மூட முடியவில்லை. வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன், நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து விதியை வாசித்தார். உறுப்பினர் தானே கலத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு உறுப்பினருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கயல் உறுப்பினர் இல்லை.

"என்னைய உறுப்பினராச் சேத்துக்கங்க" என்றாள் கயல்.

"அதுக்கு வழி இருக்குத்தா" என்றார் அவர். "வாரிசு உறுப்பினர்னு ஒண்ணு இருக்கு. உறுப்பினர் காலமாயிட்டாருன்னா சம்சாரத்து பேருக்கு உரிமம் தானா மாறிரும். சந்தனம்மா பேருல இருக்குல்ல, அது மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் முகத்தைப் பார்க்காமல் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகப் புரிகிறதா? சங்கத்தில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள், மூன்று பேரும் விதவை. மூன்று பேர் உரிமத்தையும் கொழுந்தன் வீட்டார்தான் ஓட்டுகிறார்கள். உன் அக்காளுக்கு உரிமம் கிடைக்க ஒரே ஒரு தடைதான். நான் உயிரோடு இருப்பது.

இந்த மாதக் கடைசியில் கூட்டம். அன்றைக்கு முத்துவீரனுக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். எனக்குக் களைத்துவிட்டது. இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

தங்கப்பாண்டியன்


உச்சிப்புளி அருகில்
16 ஆகஸ்ட் 2025

மாமாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்று மட்டும்.

வீடியோவை எடுத்துவிட்டேன். முகாம் முதலாளி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் எடுத்தாய் என்று கேட்டார். என் அக்காள் மீன் பிடிக்கும் இடம் தெரிகிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் ஒரு வாரம் முன்னால் புரியவில்லை. நல்லது செய்கிறோம் என்ற எண்ணத்தில் எவ்வளவு கெட்டது செய்யலாம் என்று இப்போது தெரிகிறது. பின்னால் இருந்த மரம் என் கண்ணில் படவே இல்லை மாமா. அவள் ஓட்டுவதை மட்டும்தான் பார்த்தேன்.

நான் வரட்டுமா? வருகிறேன் என்று சொல்லவில்லை, கேட்கிறேன். வந்தால் கூட்டத்தில் கத்துவேன். அதனால் கெடுமா, கூடுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்து உங்கள் கை. அதைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் போடும் முன்னால் அவளிடம் ஒரு தடவை கேளுங்கள். போடப் போகிறேன் என்று சொல்வதும் போடட்டுமா என்று கேட்பதும் ஒன்றில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் அவளை எதற்கும் கேட்டதில்லை, நான் உட்பட. படகு அனுப்பட்டுமா என்று கேட்டதுதான் முதல் தடவை. "என்ன கலரு?" என்றாள்.

இனியன்


செங்கரடு அணை
4 செப்டம்பர் 2025

மாப்பிள்ளை இனியனுக்கு,

நீ வராததும் நல்லதுதான். கத்துவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நீ எழுதியபடி கேட்டேன். "போடட்டுமா?" என்றேன். உன் அக்காள் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "வேணாம்" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அல்லது அவள் அப்படிச் சொல்ல இடம் கொடுத்து நான் எதையும் கேட்டதில்லை.

கூட்டத்துக்கு இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார முடியவில்லை, சுவரில் சாய்ந்து நின்றேன். பெண்கள் வழக்கம்போல வெளியே தராசுப் பக்கம் நின்றார்கள். சுந்தர்ராஜ் என் முறை வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"விதியை நானா எழுதுனேன்? தங்கப்பாண்டிக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா மறுநாளே கயலு பேருக்கு மாத்திரலாம். யாரும் தடுக்க மாட்டாக."

"ஆயிப்போச்சுன்னு எழுதிக்கங்க" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எனக்கும் வாயில் வந்த பிறகுதான் புரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"இடுப்பு ஏற்கெனவே போச்சு. மிச்சத்தையும் சேத்து எழுதிருங்க. தங்கப்பாண்டியன் காலமானாருன்னு தீர்மானம் போடுங்க. காரியச் சாப்பாடு வேணுமின்னா நானே நின்னு பரிமாறுறேன்."

கொட்டகையே சிரித்தது. முத்துவீரன், "ஏலே, பொண்டாட்டிக்காகச் செத்தவனை இன்னைக்குத்தான் பாக்குறேன். செத்தும் சுவருல சாஞ்சு நிக்கிறான்" என்றான். இன்னும் சிரித்தார்கள்.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல். சந்தனம்மாள் மதினி.

"எம் புருசன் நெசமாவே செத்தாரு. சுவருல சாயல. எனக்கு என்ன குடுத்தீக?"

சிரிப்பு நின்றது. அவர் உள்ளே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எம் பேருல உரிமம் இருக்குன்னு சொல்றீக. எட்டு வருசமா ஒரு நாளு அந்தத் தண்ணியில கையி நனைச்சிருக்கேனா? செயலாளரே, என்னைய மாதிரி ஆளுக்கு என்ன விதின்னு வாசிங்க."

சுந்தர்ராஜ் வாசித்தார். வாரிசு உறுப்பினர் தமக்குப் பதிலாக ஒருவரைக் கலத்தில் அனுப்பலாம்.

"ஒருத்தருன்னா கொழுந்தன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"ஆம்பளைன்னு போட்டிருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. எழுதினவர்களுக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று தோன்றியிருக்காது.

"அப்ப எனக்குப் பதிலு கயலு" என்றார் மதினி. "பங்கு சரிபாதி. நாங்க பேசிக்கிட்டோம்."

பேசிக்கொண்டார்களாம். எப்போது பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கிறார்கள்.

முத்துவீரன் எழுந்துவிட்டான். அது பரிசல் இல்லை, பிளாஸ்டிக் தொட்டி, விதியில் பரிசல் என்றுதான் இருக்கிறது என்று கத்தினான். உன் அக்காள் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். "உங்க பரிசலு மூங்கிலாண்ணே? இந்தக் கரையில மூங்கிப் பரிசலு ஒண்ணு காட்டுங்க, நான் இப்பவே வீட்டுக்குப் போறேன். எல்லாம் பைபரு. அதுவும் பிளாஸ்டிக்கு, இதுவும் பிளாஸ்டிக்கு. வட்டமா இருந்தாத்தான் வலையில மீன் ஏறுமா?"

தை மாதம்வரை கயல் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். என் உரிமம் தவணை தாண்டியதால் சங்கத்துக்கே போய்விட்டது. முத்துவீரனுக்குப் போகவில்லை. எங்களுக்கும் இல்லை. அன்று இரவே மதினி வீட்டில் வைத்திருந்த பழைய வலைகளை முத்துவீரன் மகன்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் வாங்கியது தம்பிக்குத்தான் சேருமாம். ஒரு வலைதான் இப்போது இரண்டு குடும்பத்துக்கு. உனக்கு முடிந்தால் ஒன்று வாங்கி அனுப்பு. முடியாவிட்டால் சொல்லாமல் இருந்துவிடு.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உன் அக்காள் என்னோடு பேசவில்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. நல்லபடியாகத்தானே முடிந்தது. மூன்றாம் நாள் சோறு வைக்கும்போது சொன்னாள்.

"எழுபது பேருக்கு முன்னால என்னைய வெளிய நிக்கவச்சு நீங்க செத்துட்டதாச் சொன்னீக. எல்லாரும் சிரிச்சாக. எனக்கு அந்தத் தண்ணி வேணும். அதுக்கு நீங்க சாகணுமின்னு நான் எப்பக் கேட்டேன்?"

சாப்பிட்டேன்.

இப்போது காலையில் நானும் கரைக்குப் போகிறேன், கம்பு ஊன்றி. அவள் கேட்டதால்தான். கணவாயில் காற்று இறங்கினால் முதலில் எதிர்க்கரட்டில் செம்மண் தூசி கிளம்பும். தண்ணீரில் தாழ உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, கரையில் நிற்பவருக்குத் தெரியும். தெரிந்ததும் துண்டைத் தூக்க வேண்டும். அதுதான் என் வேலை.

இன்று காலை தூசி கிளம்பியது. துண்டைத் தூக்கினேன். அவள் பார்த்தாள். துடுப்பை ஒரு தடவை உயர்த்திக் காட்டினாள், பார்த்துவிட்டேன் என்று. பிறகு திரும்பிக்கொண்டு வலையின் மிச்சப் பாதியை எடுக்கப் போனாள். கூப்பிட வேண்டும் போல வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. அவள் எடுத்து முடிக்கும்வரை துண்டைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கத்தினால் வைத்துவிடுவேன்.

தங்கப்பாண்டியன்